மரங்கொத்தி வந்து சேரல

ஒரு விடுகதை போடறேன், பதில் சொல்லுங்க பார்ப்போம். ஓடிக்கிட்டே இருக்கும், ஒரு அடி நகராது. நாம கண்ணெடுக்காம பார்த்துக்கிட்டே இருப்போம், கடைசி வரைக்கும் ஒண்ணும் வராது. அது என்ன?

மேல பார்க்காதீங்க தம்பி, ஃபேன் இல்லை. ஃபேன் சுத்தினா காத்தாவது வரும். அதுவும் இந்த ஃபேன் எங்க சுத்துது... வந்ததுலேர்ந்து சுவிட்சைத் தட்டிக்கிட்டு இருக்கேன், இறக்கையில ஒட்டியிருக்கற ஒட்டடைதான் ஆடுது.

கடிகாரமா? கடிகாரம் மணி காட்டுதே. யோசிச்சுச் சொல்லுங்க. சரி விடுங்க, கையில வலியோட உக்காந்திருக்கீங்க. நானே சொல்றேன். போன்ல சுத்துது பாருங்க ஒரு வட்டம், அதான். இப்ப உள்ள என் தங்கச்சி கையில அதான் சுத்திக்கிட்டு இருக்கு. "அக்கா, சுத்திக்கிட்டே இருக்கு"ன்னு செய்தி அனுப்பறா. செய்தி மட்டும் நல்லா வருது. அது என்ன கணக்குன்னு எனக்குப் புரியல. ஒரு வரி எழுத்து ஓடோடி வந்துடுது, கதை மட்டும் வரமாட்டேங்குது.

நான் அசைஞ்சா உங்க கை ஆடுதா? இதைப் பாருங்க, நாலு நாற்காலியை ஒரே இரும்புல கோத்து வெச்சிருக்காங்க. ஒருத்தர் தும்மினா நாலு பேரும் ஆடணும். எலும்பு உடைஞ்சு வர்ற இடம்னு தெரிஞ்சே இதை வாங்கிப் போட்டிருக்காங்க. எந்த மகராசன் யோசனையோ. வழுக்கி விழுந்தீங்களா? படியிலயா? ம்... அதுக்குத்தான் படியில நடக்கும்போது போனைப் பார்க்கக் கூடாதுங்கறது. பார்த்தீங்கல்ல? உங்க முகமே சொல்லுதே.

உள்ள இருக்கறது என் தங்கச்சி பொண்ணு. ஏழு வயசு. குட்டின்னுதான் கூப்பிடுவோம். கணுக்கால்ல மாவுக்கட்டு, இன்னிக்குப் பிரிக்கணும். போன வாரமே பிரிச்சிருக்கணும். கட்டை வெட்டற மிஷினை ஆன் பண்ணினாரு பாருங்க அந்தக் கட்டுப் பிரிக்கற மனுஷன், கர்ருனு ஒரு சத்தம், குட்டி கத்தின கத்துல எக்ஸ்ரே எடுக்க வந்த பெரியவர் திரும்பி வீட்டுக்கே போயிட்டார். காலை உதறிட்டா. "இப்படி உதறினா கட்டை வெட்ட முடியாதும்மா, இன்னொரு நாள் கூட்டிட்டு வாங்க"ன்னு மிஷினைக் கீழ வெச்சுட்டார். அது தோலை வெட்டாதாம், தொட்டாலும் கூசத்தான் செய்யுமாம். இதை ஏழு வயசுப் பிள்ளைகிட்ட யார் போய் விளக்கறது? இன்னிக்கும் உதறினா மயக்க மருந்து குடுத்துத்தான் பிரிக்கணும்னு சொல்லிட்டாங்க. ஒரு கட்டைப் பிரிக்க மயக்க மருந்து. தங்கச்சி நேத்து பூரா அழுகை.

அப்பதான் நான் சொன்னேன், "நீ சும்மா இரு, நான் பார்த்துக்கறேன்"னு. ஏன் சொன்னேன்? எனக்குத் தொழிலே அதானே. குழந்தைகளுக்குக் கதை போடற இணையதளம் ஒண்ணு இருக்கு, அதுக்குப் படம் வரையறது நான்தான். இந்தக் கதையே குட்டிக்காகப் பண்ணினது, கட்டுப் போட்ட அன்னிக்கே ஆரம்பிச்சது. ஒரு கரடி, அதோட கால் ஒரு மரப்பொந்துக்குள்ள மாட்டிக்குது. எழுந்திருக்க முடியாம மரத்தையும் இழுத்துக்கிட்டே நடக்குது. குளிக்கப் போனா மரமும் வருது, தூங்கப் போனா மரமும் வருது. கடைசியில ஒரு மரங்கொத்தி வந்து டகடகடகன்னு கொத்தி மரத்தைப் பிளந்து காலை வெளிய எடுக்குது. புரியுதுல்ல? அங்க மிஷின் கர்ருங்கும்போது இங்க மரங்கொத்தி கொத்தணும். சத்தமும் படமும் சேர்ந்து வரணும். எப்படி யோசனை?

மரங்கொத்தி படத்தை நீங்க பார்க்கணும். அதுக்கு மட்டும் ஒரு மாசம் எடுத்துக்கிட்டேன். மரச்சில்லு தெறிக்கறது ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியும். அலகு இருக்கே, நுனியில வெளிச்சம் பட்டு ஊசி மாதிரி மின்னும். பார்த்தா நமக்கே கண்ணுல குத்தற மாதிரி இருக்கும். எங்க தளத்தோட ஆசிரியர் அதைப் பார்த்துட்டுத் தலையைப் பின்னால இழுத்துக்கிட்டார்னா பாருங்களேன். உயிர் இருக்குன்னு அர்த்தம்.

இருங்க, காட்டறேன். என் போனைப் பாருங்க. தொட்டேன்... வந்துடுச்சு. பார்த்தீங்களா? கண்ணை மூடித் திறக்கல. இதே கீழ்த்தளம், இதே எக்ஸ்ரே அறைச் சுவர், அதே பக்கம். அப்ப குத்தம் எங்க இருக்கு? தங்கச்சி போன்ல. "புதுசு வாங்குடி"ன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கண்ணாடி கீறல், மூலை உடைசல், பின்பக்கம் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருக்கா. அதுல என் படம் வரணும்னா அதுக்கும் ஒரு மானம் இருக்குல்ல.

என் போனையே குடுத்து அனுப்பியிருக்கலாம்தான். இது ஆபீஸ் போன் தம்பி, கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. அதான் "உன் போன்லயே போடு, தொட்டா வரும்"னு சொல்லிட்டேன். இப்ப கதவைச் சாத்திட்டாங்க. ஒருத்தர்தான் உள்ள போகணுமாம், பலகை வேற மாட்டியிருக்காங்க.

நீங்க ஒண்ணு பண்ணுங்களேன். உங்க போன்ல போட்டுப் பாருங்க. நல்ல போனாத்தானே தெரியுது, உறைதான் கொஞ்சம் கண்ணராவி. இடது கையால முடியுமா? குடுங்க, நானே அடிக்கறேன். ...ம், போட்டாச்சு. இப்ப வரும் பாருங்க.

வரும்.

அதோ, முயல் வந்துடுச்சு. தன் வாலைத் தானே துரத்திக்கிட்டு வட்டமா ஓடுது பாருங்க, அழகா இருக்கா? நான் வரைஞ்சதுதான். பக்கம் வர்ற வரைக்கும் பிள்ளைங்களுக்குப் போரடிக்கக் கூடாதுல்ல. மத்த இடத்துல எல்லாம் வெறும் வட்டம் சுத்தும், செத்த வட்டம். எங்க பக்கத்துல முயல். காது பின்னால பறக்குது கவனிச்சீங்களா? மூணு விதமா பறக்கும்.

...ஆமா, ஓடுது. ஓடும். கொஞ்சம் பொறுங்க.

என்ன சிரிக்கறீங்க? விடுகதையா? அது நான் சொன்னது வேற வட்டம் தம்பி. பொதுவா சொன்னேன்.

இதெல்லாம் கத்திரி பார்த்தான்னா குதிப்பா. கத்திரின்னா எங்க ஆபீஸ்ல இணையப் பக்கத்தைக் கட்டறவ, பொறியாளர். நான் வெச்ச பேருதான். கையில எது குடுத்தாலும் வெட்டணும் அவளுக்கு. வந்த முதல் நாளே என் மேசைக்கு வந்து நின்னா. "அக்கா, உங்க காட்டுப் படம் ரொம்ப அழகா இருக்கு." சரி, நல்ல பொண்ணுன்னு நினைச்சேன். "ஆனா கதை மொத்தத்தையும் விட அந்த ஒரு படம் நூறு மடங்கு கனம்"னா. படத்தைப் பார்த்து கனம்னு சொல்ற ஆளை நான் அன்னிக்குத்தான் பார்த்தேன். தூக்கிப் பார்த்தியான்னு கேட்டேன். "நான் தூக்கல அக்கா, பார்க்கறவங்க போன் தூக்குது"ங்கறா. வாய்.

அதுலேர்ந்து தினமும் இதான். "அக்கா, இந்த இலை போன்ல கடுகு அளவுகூடத் தெரியாது, எதுக்கு வரைஞ்சீங்க?" தெரியலைன்னா என்ன, இருக்குல்ல? "அக்கா, இது சுவர்ல மாட்டற அளவுக்கு இருக்கு. உள்ளங்கையில காட்டறதுக்காக சுவரையே பேர்த்து அனுப்பறோம்." சொல்லிட்டு ஒரு நாள் கனம் குறைய அமுக்கிக் கொண்டுவந்து காட்டினா என் படத்தை. கேட்காதீங்க. நான் வானத்தை எப்படிப் பண்ணியிருந்தேன் தெரியுமா, விடியக்காலை வானம், எங்க நீலம் முடியுது எங்க சிவப்பு ஆரம்பிக்குதுன்னு எனக்கே தெரியாது. அவ அமுக்கினதுல வானம் படிக்கட்டு படிக்கட்டா நிக்குது. உங்களை மாதிரி யாராவது ஏறி வழுக்கி விழலாம். "அது முதல் முயற்சி அக்கா, இன்னும் நல்லா பண்ணலாம், வாங்க சேர்ந்து உக்காந்து பார்ப்போம்"னா. நான் எதுக்கு உக்காரணும்? என் பிள்ளையை எந்த இடத்துல வெட்டலாம்னு நானே குறி போட்டுக் குடுக்கணுமா?

ஆசிரியர்கிட்ட போனேன். அவர் ஒரு ஆளு. நடுவுல உக்காந்துக்கிட்டு மேசை விசிறி மாதிரி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புவார். என் பக்கம் திரும்பினா எனக்குக் காத்து, அவ பக்கம் திரும்பினா அவளுக்குக் காத்து. "ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்." முடிஞ்சது. அறையை விட்டு வெளிய வந்தா ரெண்டு பேருக்கும் வேர்க்குது.

தலைப்புக்கு நான் ஒரு எழுத்து வடிவம் தேடிப் பிடிச்சேன், கரடி ரோமம் மாதிரி இருக்கும் ஒவ்வொரு எழுத்தும். அது வேணாமாம். காட்டுக்குள்ள குருவிச் சத்தம் போட்டேன். வேணாமாம். "போன் சத்தத்தைக் குறைச்சு வெச்சிருக்கறவங்களும் அந்தக் குருவியைச் சுமக்கணுமா அக்கா"ங்கறா. எல்லாத்துக்கும் சுமக்கறது, தூக்கறது... கப்பல்ல கூலி வேலை பார்த்துட்டு வந்தவ மாதிரி பேச்சு.

இதைக் கேளுங்க, இன்னொரு கூத்து. அவ மேசை இழுப்பறையில ஒரு பழைய போன் வெச்சிருக்கா. தங்கச்சி போனுக்கு அக்கா அது. எந்தப் பக்கம் முடிச்சாலும் அந்தப் போனை எடுத்துக்கிட்டு எழுந்து போவா. எங்க? லிஃப்டுக்கு. உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு நின்னு பக்கத்தைத் திறந்து பார்ப்பா. அங்கதான் சிக்னல் மட்டமா இருக்குமாம். ஆளுங்க கீழ மேல போக முடியாம வெளிய நிப்பாங்க, இவ உள்ள நின்னு வினாடியை எண்ணிக்கிட்டு இருப்பா. நான் ஒரு நாள் எல்லார் முன்னாடியும் கேட்டேவிட்டேன், "ஏம்மா, கதை படிக்கற பிள்ளை எதும்மா லிஃப்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு நின்னு படிக்குது?"ன்னு. ஆபீஸே சிரிச்சுது. அவளும் சிரிச்சா. சிரிச்சுட்டு மறுபடி லிஃப்டுக்குப் போயிட்டா.

...தெரியுது, தெரியுது. சுத்திமுத்திப் பார்க்காதீங்க. இது கீழ்த்தளம்தான். பக்கத்துல எக்ஸ்ரே அறைதான், சுவர் கனம்தான். அதுக்காக இது லிஃப்டு ஆகிடுமா? நாற்காலி இருக்கே.

முயல் இன்னும் ஓடுதா?

அந்த முயலுக்கும் ஒரு சண்டை. அவ என்ன சொன்னா, எழுத்து முதல்ல வந்துடட்டும், பிள்ளைங்க படிக்க ஆரம்பிக்கட்டும், படம் பின்னாலயே ஒண்ணு ஒண்ணா வரட்டும்னா. அரையும் குறையுமாவா? மேசையில இலை போட்டு உப்பை மட்டும் வெச்சுட்டுச் சோறு வருது வருதுன்னு உக்கார வைக்கறதா? நான் ஒத்துக்கல. எல்லாம் வந்து முடியட்டும், அதுவரைக்கும் ஒரு திரை இருக்கட்டும், திரை விலகினா மொத்தக் காடும் ஒரேயடியா தெரியணும்னு சொல்லிட்டேன். அதுக்குத்தான் முயல். "அக்கா, அந்த முயலே கனமா இருக்கு, முயல் வர்றதுக்கு இன்னொரு முயல் வேணும்"னா. எவ்வளவு திமிர் பாருங்க.

நேத்து வெளியிடும்போதும் மல்லுக்கு நின்னா. "இன்னும் ரெண்டு நாள் குடுங்க, படத்தை எல்லாம் இளைக்க வெச்சுடறேன்." எனக்கு எங்க ரெண்டு நாள் இருக்கு? இன்னிக்குக் குட்டிக்குக் கட்டுப் பிரிக்கணும். "அப்படியே போடு"ன்னேன். "இப்படியேவா?"ன்னா. "ஒரு இலை குறையக் கூடாது"ன்னேன். போட்டா.

இருங்க, செய்தி. தங்கச்சிதான்... "முயல் போயிடுச்சு. படம் வரல. பெட்டி பெட்டியா வருது. உள்ள எழுத்து இருக்கு." பெட்டியா? என்ன பெட்டி? திரை எப்படி விலகிச்சு? எல்லாம் வராம விலகக் கூடாதுன்னு நான்தானே...

கத்திரி. அவ வேலைதான் இது. ரொம்ப நேரம் ஆனா திரை தானா விலகட்டும்னு எனக்குத் தெரியாம வெச்சிருக்கா. பார்த்தீங்களா? வாயால ஒண்ணும் சொல்லமாட்டா, சத்தம் போடாம செஞ்சுடுவா.

அந்த எழுத்து என்னன்னு சொல்றேன். படம் வராத இடத்துல, இல்ல கண்ணு தெரியாதவங்க பக்கத்தைத் திறந்தா, இது என்ன படம்னு ஒரு வரி சொல்லணுமாம். ஒவ்வொரு படத்துக்கும். "நீங்களே எழுதினா நல்லா இருக்கும் அக்கா, உங்களுக்குத்தானே தெரியும்"னு வந்து நின்னா. ஒரு மாசம் வரைஞ்சதை நான் ஒரு வரியில சொல்லணுமாம். "நீயே எழுதிக்கோ, உனக்குத்தான் குறைக்க வருமே"ன்னு அனுப்பிட்டேன். என்ன எழுதியிருப்பான்னு நினைக்கறீங்க? ஒண்ணு பார்த்தேன்: "கரடி தூங்குகிறது. மரமும் பக்கத்தில் தூங்குகிறது." இவ்வளவுதான். மரம் எங்கம்மா தூங்குது? நான் அப்படி வரையவே இல்லையே.

அது இருக்கட்டும். எனக்கு ஒண்ணு இடிக்குது. தங்கச்சி போன் ஓட்டை, சரி. உங்க போன் நல்ல போன். அதுலயும் முயல்தான். என்னுதுல மட்டும் எப்படித் தொட்ட உடனே...

ஆங்.

அவ சொன்னா. போன வாரம் சொன்னா. "அக்கா, உங்க போன்ல பார்த்துட்டு வேகமா இருக்குன்னு சொல்லாதீங்க. ஆபீஸ்ல திறந்து திறந்து பார்த்து உங்க போன் எல்லாத்தையும் ஏற்கெனவே வாங்கி உள்ள வெச்சுக்கிச்சு. புதுசா வர்ற பிள்ளைக்கு முதல்லேர்ந்து வரணும்"னா. நான் எங்க காதுல வாங்கினேன்? அப்ப அலகுக்கு வெளிச்சம் வெச்சுக்கிட்டு இருந்தேன்.

அப்ப உள்ள என் போன்தானே போயிருக்கணும்.

இருங்க, கதவு திறக்குது. கட்டுப் பிரிக்கறவர் பஞ்சு எடுக்க வர்றார். சார், சார், ஒரு நிமிஷம். இந்தப் போனை உள்ள அந்தப் பொண்ணு கையில குடுத்துடுங்க சார். இல்லை, நான் உள்ள வரல, போன் மட்டும். படம் திறந்தே இருக்கு, மரங்கொத்தி. மரங்கொத்தி சார், பறவை. அவங்க அம்மாவுக்குத் தெரியும். ஆபீஸ்லேர்ந்து கூப்பிட்டா எடுக்க வேணாம்னு சொல்லுங்க.

குடுத்துட்டேன். அப்பாடா. இனிமே கவலையில்லை. முழுக் காடும் அவ கையில இருக்கு. அந்த மரங்கொத்தியைப் பார்த்தா மிஷின் சத்தமே காதுல விழாது. பாருங்க நீங்க.

ஆரம்பிச்சுட்டார். கேக்குதா? கர்ருனு... உங்களுக்கும் கட்டுப் பிரிக்கும்போது அதான் வரப்போகுது, பயப்படாதீங்க, கூசத்தான் செய்யுமாம்.

கத்தல. இன்னும் கத்தல.

உங்க போன்ல என்ன ஆச்சு? திரை விலகிடுச்சா? காட்டுங்க... ஆமா, பெட்டிதான். சாம்பல் கலர்ல ஒரு பெட்டி, காடு இருக்க வேண்டிய இடம். கீழ தள்ளுங்க. இன்னும் கீழ. இது கரடி குளிக்கறது. இதோ, மரங்கொத்தி வர வேண்டிய இடம். என்ன எழுதியிருக்கா? கண்ணாடி பையில இருக்கு, நீங்க படிங்க. வேணாம், எனக்கே தெரியுது.

"மரங்கொத்தி கொத்துகிறது. சத்தம் பெரிதாக இருக்கிறது. கரடியின் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை."

ம்.

இதுல என்ன இருக்கு? சில்லு இல்லை, வெளிச்சம் இல்லை. யார் வேணா எழுதலாம். காலுக்கு ஒண்ணும் ஆகலைன்னு படத்துல எங்க இருக்கு? நான் காலை வரையவே இல்லையே. அலகுதான் அந்த இடத்தை முழுக்க அடைச்சுக்கிட்டு நிக்குது, கால் எங்க தெரியும்? இல்லாததை எழுதறதுக்கு இவளுக்கு யார்...

நின்னுடுச்சு. மிஷின் நின்னுடுச்சு தம்பி. கத்தவே இல்லை. கேட்டீங்களா? ஒரு சத்தம் இல்லை. நான் சொன்னேன்ல? நாளைக்கு முதல் வேலையா ஆபீஸுக்குப் போய் அந்தக் கத்திரி மேசை முன்னாடி நின்னு சொல்றேன், உன் லிஃப்டு, உன் பழைய போன், உன் கனம், எல்லாத்தையும் மூட்டை கட்டி வைன்னு. ஒரு பிள்ளை மயக்க மருந்து இல்லாம கட்டுப் பிரிச்சுக்கிட்டு வந்திருக்கு, எதைப் பார்த்து? என் படத்தைப் பார்த்து.

வந்துட்டாங்க. வாடி தங்கம், வா வா. நடக்கறா பாருங்க. கால் வெளுத்துப் போய்க் குச்சி மாதிரி இருக்கு, சரியாயிடும். பெரியம்மாகிட்ட வா. மரங்கொத்தி பார்த்தியா? எப்படி இருந்துச்சு? என்னடி, அம்மாவைப் பார்க்கறே? நீ சொல்லு தங்கச்சி. என்ன சொன்னா? மெதுவா சொல்லு.

...

உங்களைத்தான் கூப்பிடறாங்க தம்பி, போங்க. கையை அசைக்காம எழுந்திருங்க, நான் நாற்காலியைப் பிடிச்சுக்கறேன். என்னது? கேட்டுட்டுத்தான் போவீங்களா? சரி.

தங்கச்சி ரெண்டு போனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டியிருக்கா. என்னுதுல படம், அவளோடதுல பெட்டி. எது வேணும்னு கேட்டிருக்கா. குட்டி, அலகு கூர்மையா இருக்குன்னு சொல்லி என் போனைக் கவுத்து வெச்சாளாம். பெட்டியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாளாம்.